நிற்கும் இடம்

மாமியார் தரையில் மண்டியிட்டு, காய் நறுக்கும் கத்தியால் மஞ்சள் டேப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

வேண்டாம் அத்தை என்று அவன் சொல்ல நினைத்தான். காதில் போன் இருந்தது. மறுமுனையில் அவன் மனைவிக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த நேரத்துல கூப்பிடறதுக்கு மன்னிச்சுக்கங்க. தள்ளிப்போடற விஷயமா இருந்தா கூப்பிட்டிருக்க மாட்டேன்."

"சொல்லுங்க."

"அட்மிட் ஆன அன்னிக்கு எடுத்த ரத்தத்துல ஒரு ரிசல்ட் இப்பதான் வந்திருக்கு. அவங்க ரத்தம் சட்டுனு உறையற வகை. பிறவியிலேயே வர்றது. தலையில இருந்த வியாதி வேற, இது வேற. தனித்தனியா வந்திருந்தா ஒருவேளை சமாளிச்சிருப்போம். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட வந்து சேர்ந்திருக்கு."

கத்தியின் முனை தரையில் கிறீச்சிட்டது. மஞ்சள் துண்டு பாதி எழும்பிச் சுருண்டது.

"தங்கச்சி ஒருத்தங்க இருக்காங்கன்னு சொன்னீங்களே?"

"ஆமா. வந்துக்கிட்டு இருக்கா. பஸ்ல."

"அவங்களுக்கு ரெண்டுல ஒண்ணு இருக்கலாம். ரெண்டும் இருக்கலாம். எதுவும் இல்லாமயும் இருக்கலாம். சிகரெட் பழக்கம் உண்டா, ஹார்மோன் மாத்திரை ஏதாவது எடுக்கறாங்களா, கண்ணுல வெளிச்சம் தெரிஞ்சு தலைவலி வருமா, கேளுங்க. தண்ணி குடிக்காம, காலை மடக்கி ராத்திரி பூரா உக்காந்து போற பயணம் வேண்டாம். என்னைப் பாக்காம ஊருக்கு அனுப்பாதீங்க."

"சரி."

"இதைக் கேக்கறதுக்கு இன்னிக்கு உங்களால முடியுமா?"

"சரி" என்றான் மறுபடியும். கேள்விக்கு அது பதில் இல்லை என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

கூடத்தின் நடுவில் அவள் படுத்திருந்தாள். கழுத்துவரை வெள்ளைப் போர்வை. சோபாவைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். அது இருந்த இடத்தின் நான்கு மூலையிலும் பச்சை டேப் துண்டுகள் மட்டும் தெரிந்தன. சோபா எங்கே திரும்பிவர வேண்டும் என்று தரைக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் தலையைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்கள். வலது கை சோர்ந்து, பேச்சு குழறித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நாளுக்கு நாள் தேறினாள். நேற்றுக் காலை நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்கி நின்றாள். அவனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். பிறகு மூச்சு வாங்கியது. காலில் உறைந்த ரத்தம் ஒரு கட்டியாகப் புறப்பட்டு நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டது என்றார்கள். முன்வாசலில் காவல் இருந்தார்கள். அது பின்வாசல் வழியாக வந்துவிட்டது.

தலையில் இருந்த நோய் அவளுடைய அப்பாவிடமிருந்து வந்தது. மூளைக்குள் முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவர், வருடக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துப்போகும் நோய். குழாய் குறுகினால் அது தண்ணீர் பாய்ச்சும் இடம் வாடிவிடும். பக்கவாதம் என்றால் வாய் கோணும், கை விழும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அவளுக்கு அது வேறு வேடங்களில் வந்தது. முதலில் கண்ணில் ஒரு பளபள வளையம், பிறகு தலைவலி. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அடுத்தது என்னவென்று தெரியாமல் ஒரு நிற்பு. கோபம் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே வராமல் ஒரு வெறுமை. அவனுடைய பெரியப்பா இறந்த வீட்டில் அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு. அதற்காக அவனுடைய சொந்தக்காரர்கள் இன்றுவரை அவளை மன்னிக்கவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் முதல் ஸ்கேன் எடுத்த அன்று, டாக்டரம்மா கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்துவிட்டுச் சக்கர நாற்காலி கொண்டுவர ஆள் அனுப்பினார். இவள் கைப்பையை ஆட்டிக்கொண்டு நடந்து உள்ளே வந்தாள்.

"நாற்காலி யாருக்கு?"

டாக்டரம்மா படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் மூளையின் உட்பகுதியெங்கும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"நாடகத்துல ஸ்டேஜ் மேனேஜர். நடிக்கறது இல்ல. நடிக்கறவங்களை மேய்க்கறது."

"ஒரு ஷோவுக்கு என்னவெல்லாம் ஞாபகம் வச்சுக்கணும்?"

"எல்லாத்தையும்."

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். வெளியே வந்ததும் இவள் சொன்னாள்: "பாவம், பயந்துட்டாங்க."

தங்கைக்குத் தானே சொல்வதாகச் சொல்லியிருந்தாள். "போன்ல சொல்ற விஷயமா இது? நேர்ல வரட்டும்." தங்கை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றாள். அவர்களுடைய மகளைப் பற்றி டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். பெரியவளாகட்டும், பரிசோதனை வேண்டுமா என்று அவளே முடிவு செய்யட்டும் என்று. தன் அம்மா விஷயத்தில்தான் இவள் கண்டிப்பாக இருந்தாள்.

"அம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாதே. அந்தப் பாட்டிலை அவகிட்டேருந்து பிடுங்காதே."

பாட்டில் கதை குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். என்றோ இறந்துபோன மாமனாருக்கு நடையில் தள்ளாட்டம், நாக்கில் குழறல், வேலைக்குப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்து காரணமில்லாத சிரிப்பு. குடி என்று தெரு முழுக்கச் சொன்னது. மாமியாரும் அப்படியே முடிவு செய்தார். ஆனால் ஒருநாள்கூடப் பாட்டில் கையில் சிக்கவில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் அதைச் சொல்லிச் சிரிக்கவைப்பார். "எமகாதகன்! எங்க ஒளிச்சு வச்சான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. போலீஸ் நாயைக் கூட்டிட்டு வந்திருந்தா அதுவும் கோபிச்சுக்கிட்டுப் போயிருக்கும்."

அந்த மாமியார்தான் இப்போது முழங்காலில் நகர்ந்து அடுத்த டேப் துண்டுக்குப் போனார்.

*

சின்னவள் வந்தாள். தோளில் ஒரு பை. கறுப்புச் சட்டை முழுக்க நாய் முடி. வேறொரு ஊரில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை வைத்திருக்கிறாள். செருப்பைக் கழற்ற மறந்து நேராக அக்காவிடம் போனாள். போர்வையின் மேல் குனிந்தாள். சட்டையிலிருந்து ஒரு வெள்ளை முடி அக்காவின் கன்னத்தில் விழுந்தது. அதைப் பக்குவமாக எடுத்து, திரும்பத் தன் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து அவனிடம் வந்தாள்.

"சாப்ட்டீங்களா அத்தான்?"

"ம்."

"பொய்."

"ம்."

"ராத்திரி பஸ்ஸுக்குத் திரும்பவும் டிக்கெட் போட்டிருக்கேன். தப்பா நினைச்சுக்காதீங்க. கூண்டுல நாய்ங்க கெடக்கு, ஊருக்குப் போனவங்க விட்டுட்டுப் போனது. பக்கத்துக் கடைக்காரன் தண்ணி வைப்பான். ஆனா வெளிய கூட்டிட்டுப் போக மாட்டான். அவனையே நாய்தான் கூட்டிட்டுப் போகணும்."

அவன் வாயைத் திறந்தான். பஸ்ஸில் போகாதே என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பாள். ஏனென்று சொன்னால் அம்மாவுக்குக் கேட்கும். மூன்றடி தள்ளி கத்தி தரையில் கரகரத்துக்கொண்டிருந்தது. அதற்குள் வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். சின்னவள் நாற்காலி எடுத்துப்போட எழுந்து போனாள்.

வந்தவர்கள் நாடகக் குழுவினர். முன்னால் வந்தவர் விளக்குக்காரர். மேடை விளக்குகளை இயக்குபவர், தடித்த ஆள், ஏணி ஏறி ஏறித் தேய்ந்த முழங்கால். கூடத்துக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றார். தரையைப் பார்த்தார். பிறகு மஞ்சளைத் தாண்டி, பச்சையைத் தாண்டி, நீர் தேங்கிய தெருவில் நடப்பவர்போல் கால் தூக்கி வைத்து அவளிடம் போனார். பின்னால் வந்த ஒவ்வொருவரும் அதே இடங்களில் காலைத் தூக்கினார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

திரும்பும்போதுதான் அவர் கத்தியைப் பார்த்தார்.

"அம்மா, அதை எடுக்காதீங்கம்மா."

"தரையெல்லாம் அசிங்கமா இருக்கேப்பா. நாலு பேர் வர்ற இடம்."

"ஷோ ஓடிக்கிட்டு இருக்கறப்ப தரையில ஒட்டினதைத் தொடக்கூடாது. எங்க வழக்கம். ஒட்டினவங்களே பிரிச்சாதான் உண்டு."

"ஒட்டினவதான் போயிட்டாளே" என்றார் மாமியார்.

விளக்குக்காரர் குனிந்து, பாதி சுருண்டிருந்த மஞ்சள் துண்டைக் கட்டைவிரலால் தேய்த்துத் திரும்ப ஒட்டினார். அது ஒட்டவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

பிறகு அவனருகில் வந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

"போன மாசம் ஷோ நடுவுல கரண்ட் போயிடுச்சு. மேடை பூரா ஆளுங்க. கத்திச் சண்டை வேற. நான் ஏணி உச்சியில. ஓரத்துலேருந்து அவங்க குரல் மட்டும் வருது. 'யாரும் ஓடாதீங்க. அவங்கவங்க காலுக்குக் கீழ பாருங்க.' பாத்தா, இருட்டுல மின்னற டேப்பு. எப்ப ஒட்டினாங்கன்னே தெரியாது. அதைப் பாத்து ஒவ்வொருத்தரா நடந்து வெளிய வந்தாங்க. ஒரு ஆள் முட்டிக்கல."

"தெரியாது எனக்கு. சொல்லல."

"சொல்ல மாட்டாங்க. மேடையில ராஜா நெஜமாவே செத்து விழுந்தாக்கூட 'சரி, அடுத்த விளக்கைப் போடு'ன்னு சொல்ற பொம்பளை." சிரித்தார். சிரித்துக்கொண்டே கைக்குட்டையைத் தேடினார்.

அவன் தரையைப் பார்த்தான்.

இந்த டேப்புகள் எப்போது வந்தன என்று யோசித்தான். முதல் ஸ்கேனுக்குப் பிறகுதான். ஒருநாள் படுக்கையறையில் ஒன்று. அப்புறம் குளியலறையில். அவன் கேட்டதற்கு, "மேடையில இருக்கற மாதிரி நிம்மதியா இருக்கு" என்றாள். தொழில்புத்தி என்று நினைத்துக்கொண்டான். அவனுக்கும் அப்படி உண்டு. லிப்ட் பழுதுபார்ப்பவன், எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் லிப்ட் கதவு மூடும் ஓசையைக் காது கேட்டுக்கொண்டே இருக்கும்.

எழுந்து படுக்கையறைக்குப் போனான். யாரும் கவனிக்கவில்லை.

அவள் படுக்கும் பக்கம், கட்டிலின் காலடியில் முதல் மஞ்சள். அங்கே நின்றான். நேர் எதிரே குளியலறைக் கதவின் சட்டத்தில் அடுத்தது. அதனிடம் போனதும் கண்ணாடியின் ஓரத்தில் ஒன்று, பல் துலக்கும் பிரஷுக்கு மேலே. அங்கிருந்து திரும்பினால் மாத்திரை டப்பா இருக்கும் தட்டு. தட்டின் அடியில் தண்ணீர்ச் சொம்பு வைக்க ஒரு வட்டம். அங்கிருந்து சமையலறை வாசல். அடுப்பின் திருகில் சிவப்பு.

சிவப்புக்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. அடுப்பருகே நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அறுந்துவிட்டது என்று நினைத்தான். பிறகு ஏதோ தோன்றி, முழங்காலை மடக்கி, அவள் உயரத்துக்குத் தாழ்ந்தான்.

தெரிந்தது. மேல் அலமாரியின் அடிப்பக்கம், அவன் உயரத்துக்கு ஒருபோதும் தட்டுப்படாத இடத்தில், ஒரு வெள்ளைத் துண்டு. அதன் நேர்க்கோட்டில் ஜன்னல். ஜன்னலை அடுத்து மகளின் பள்ளிக்கூடப் பை மாட்டும் கொக்கி.

முழங்காலை மடக்கியபடியே நின்றான். ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்தது தெரிந்தது. அடுத்தது மட்டும்தான் தெரிந்தது. ஒரே நேரத்தில் இரண்டு துண்டுகள் கண்ணில் படாதபடி, ஒவ்வொன்றையும் நின்று, பார்த்து, நகர்த்தி ஒட்டியிருக்கிறாள். ஒரு கம்பி கருகினால் மின்சாரத்தை வேறு கம்பி வழியாகக் கொண்டுபோவது அவனுடைய தினசரி வேலை. ஆனால் அவன் அதைப் பெட்டியைத் திறந்து, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்வான். இவள் வரைபடமும் இல்லாமல், கருகிக்கொண்டிருக்கும் பெட்டிக்கு உள்ளேயிருந்தே செய்திருக்கிறாள். தலைக்குள் அறுந்துபோனதையெல்லாம் கொண்டுவந்து வீட்டின் சுவரிலும் தரையிலும் ஒட்டி, தினமும் காலையில் அதன்மேல் நடந்து, மகளுக்குத் தலைவாரி, அவனுக்கு முட்டை பொரித்து, "சட்டை பட்டன் மாத்திப் போட்டிருக்கே, மக்கு" என்றும் சொல்லியிருக்கிறாள்.

அவன் அந்த வீட்டில்தான் இருந்தான்.

"என்ன அத்தான், ஏதாவது தொலைஞ்சுபோச்சா?"

சின்னவள் வாசலில் நின்றாள். அவன் நிமிர்ந்தான். அவள் குழாயில் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்தாள். பையிலிருந்து இரண்டு மாத்திரைப் பட்டைகளை எடுத்தாள்.

"என்ன மாத்திரை?"

"ஒண்ணு தலைவலிக்கு."

"இன்னொண்ணு?"

"லேடீஸ் மாத்திரை. விடுங்களேன்."

விட்டுவிட வேண்டிய பேச்சு. மச்சினியிடம் அதற்கு மேல் கேட்பவன் இல்லை அவன்.

"ஹார்மோன் மாத்திரையா?"

அவள் முகம் சிவந்தது. "மாசாமாசம் தகராறுக்கு டாக்டர் குடுத்தது. என்ன அத்தான் நீங்க, இன்னிக்குப் போயி..." சட்டென்று பேச்சை நிறுத்தினாள். "ஒரு நிமிஷம். வளையம் வருது."

இடது உள்ளங்கையால் இடது கண்ணை மூடினாள். எடுத்தாள். வலது கண்ணை மூடினாள். எடுத்தாள். மறுபடி இடது கண். சுவரில் எதையோ அளப்பவள்போலத் தலையைச் சற்றுச் சாய்த்து, உதட்டை மடித்துக்கொண்டு.

அக்காவிடம் இதை அவன் பார்த்திருக்கிறான். இதே சாய்வு. இதே உதடு. இதே மாதிரி இடது, வலது, மறுபடி இடது. அக்காவும் தங்கையும் எட்டு வருடமாக வேறுவேறு ஊரில் இருந்தவர்கள். ஒருத்தி செய்து மற்றவள் பார்த்ததில்லை. அக்கா கூடத்தில் போர்வைக்குள் இருக்க, அவளுடைய கை இங்கே எழுந்து எழுந்து இறங்கியது.

"எப்படி இருக்கும்?" என்றான்.

"வெயில்ல கண்ணாடித் துண்டை ஆட்டற மாதிரி. ஓரத்துலேருந்து வரும். பஸ்ல தூக்கமில்ல, அதான். அரை மணியில போயிடும்."

"கை மரத்துப்போகுமா?"

"எப்பவாவது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதென்னடி பழக்கம்?"

மாமியார். கத்தியைத் தொட்டியில் போட வந்தவர் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். சின்னவளின் கை இன்னும் கண்ணில் இருந்தது.

"கையை எடுடி. உங்கப்பன் இப்படித்தான் பண்ணுவான். காலங்காத்தால வாசல்ல நின்னுக்கிட்டு இந்தக் கண்ணு, அந்தக் கண்ணுன்னு. 'ஏறின போதை இறங்குச்சா'ன்னு கேப்பேன். பல்லை இளிப்பான்."

இப்போது சொல்லாவிட்டால் சின்னவள் பஸ் ஏறிவிடுவாள். சொன்னால் அவன் கொடுத்த வாக்கு போய்விடும். அவன் சிவப்பு ஒட்டிய அடுப்புத் திருகைப் பார்த்தான். எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்று ஒருத்தி தினமும் தொட்டுப் பார்த்த இடம்.

"நீ இன்னிக்குப் போகக் கூடாது" என்றான். "அவளுக்கு இருந்தது உனக்கும் இருக்கலாம். இருக்குன்னு சொல்லல. பாக்கணும். அந்த மாத்திரையை டாக்டரைக் கேக்காம போடாதே. அதோட சேந்தா ரத்தம் உறையறது இன்னும் சுலபமாயிடும். அவளுக்கு ரத்தம் உறைஞ்சுதான் உயிர் போச்சு."

அன்று அவன் பேசியதிலேயே நீளமான பேச்சு.

சின்னவள் கையை இறக்கினாள். "அக்காவுக்குப் பக்கவாதம்தானே?"

"அதுக்குப் பின்னால ஒரு நோய். பரம்பரையா வர்றது. தலைக்குள்ள சின்னக் குழாய்ங்க." அவன் மாமியாரைப் பார்க்காமல் சொன்னான். "மாமாகிட்டேருந்து."

"எந்த மாமா?" என்றார் மாமியார்.

சின்னவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவனுக்கு என்ன நோய்? குடிச்சான். தள்ளாடினான்."

"தள்ளாட்டம் அந்த நோய்ல வரும் அத்தை. நாக்குக் குழறும். வேலை ஓடாது. சிரிப்பு அதுவா வரும்."

"குடிக்காமலா?"

"குடிக்காமலே."

மாமியார் கத்தியை மெதுவாகத் தொட்டியில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

"அப்ப பாட்டில்?"

"இல்ல அத்தை."

"எங்கயுமே இல்லையா?"

"எங்கயுமே இல்ல."

அவர் கீழே உட்கார்ந்தார். சின்னவள் ஓடிப்போய்ப் பிடித்தாள். அவர் கையை விலக்கினார். அழவில்லை. அலமாரியின் அடியில், எண்ணெய் டின்களுக்குப் பின்னால் இருந்த இருட்டையே பார்த்தார். இது அந்த வீடுகூட இல்லை.

"தண்ணித் தொட்டிக்குள்ள இறங்கிப் பாத்தேனே. மெத்தையைக் கிழிச்சுப் பாத்தேனே."

"அம்மா..."

"ஒருநாள் பரண்ல ஏறித் தேடிக்கிட்டு இருக்கேன். கீழ வந்து நிக்கறார். என்ன தேடறேன்னார். உங்க குடியைத்தான்னேன். 'இரு, நானும் வர்றேன்'னுட்டு மேல ஏறி வந்தார். ரெண்டு பேருமாத்தான் தேடினோம்." கொஞ்சம் நிறுத்தினார். "ஏணியில ஏற முடியல அவரால. நாலு தடவை வழுக்கி வழுக்கி ஏறி வந்தார்."

கணவரை அவர் 'அவர்' என்று சொல்லி அவன் கேட்டது அதுதான் முதல் முறை.

சின்னவள் சுவரோரமாகச் சரிந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு மாத்திரைப் பட்டைகளும் சமையல் மேடையின் மேல் இருந்தன.

"அக்கா ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நேர்ல சொல்லணும்னா."

அடுத்த மாதம் என்று சொன்ன போன்களெல்லாம் அவள் முகத்தில் வரிசையாக வந்துபோவதை அவன் பார்த்தான். பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து அவளிடமே கொடுத்தான். "ம்... இல்லங்க... ஆமா, எப்பவாவது... இப்ப நல்லாதான் பேசறேன், இல்லையா?" என்றாள். கையை உயர்த்திக் காட்டச் சொன்னார்போலிருக்கிறது. யாரும் பார்க்காத போனுக்கு முன்னால் இரண்டு கைகளையும் நேராக நீட்டிக்கொண்டு நின்றாள். நாளைக் காலை முதல் ஆளாக வரச் சொன்னார். கை தளர்ந்தாலோ நாக்குக் குழறினாலோ அந்த நிமிடமே வரவேண்டும். அதுவரை தண்ணீர் நிறைய. மாத்திரை வேண்டாம். பஸ் வேண்டாம்.

பிறகு சின்னவள் தன் போனை எடுத்துப் பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டாள்.

"நான் வரலடா... எப்பன்னு தெரியல. சாயங்காலம் ஒவ்வொண்ணா வெளிய கூட்டிட்டுப் போ... டேய், அந்தப் பெரிய வெள்ளையன் கடிக்காது. மோந்து பாக்கும், அவ்வளவுதான். நீ குளிச்சிருந்தேன்னா ஒண்ணும் பண்ணாது."

மாமியார் இரண்டாவது தம்ளர் தண்ணீர் பிடித்து வந்து அவள் முன்னால் நீட்டினார். குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்தார்.

*

வண்டி வந்தது. நாடகக் குழுவினரே தூக்கினார்கள். படுக்கையறை வழியைச் சுற்றிக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவில், அந்தப் பாரத்தோடும் தரையைப் பார்த்து நடந்தார்கள். விளக்குக்காரர் பின்னாலேயே நடந்து, "இடது, கொஞ்சம் இடது, இப்ப தாண்டு" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு துண்டும் மிதிபடவில்லை. வாசலில் மாமியார் நின்றார். வண்டிக் கதவு சாத்தியதும் தலையைச் சற்றுச் சாய்த்து வானத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

எல்லாம் முடிந்து அவன் திரும்பியபோது வெளிச்சம் மங்கிவிட்டது. படியேறி வந்தான். கதவு சாத்தாமல் கிடந்தது. உள்ளே யாரும் விளக்கு போட்டிருக்கவில்லை. சோபா பழைய இடத்துக்கு வந்திருந்தது. சின்னவள் அதில் படுத்திருந்தாள். அவள் காலை மடியில் வைத்துக்கொண்டு மாமியார் கெண்டைச் சதையை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

"இங்க?"

"கூசுதும்மா. தூங்க விடு."

அவன் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான். ஷூ வைக்கும் தட்டு கதவுக்கு வலப்பக்கம் இருந்தது. முன்பு இடப்பக்கம்தான் இருந்தது. ஒருநாள் வேலையிலிருந்து வந்தபோது மாற்றியிருந்தாள். என்ன தொல்லை, கதவுக்குப் பின்னால் போய் நின்று கழற்ற வேண்டியிருக்கிறது என்று முணுமுணுத்தான். பழகிவிட்டது.

"அப்பா."

மகள். வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். காலையிலிருந்து பக்கத்து வீட்டில் இருந்தவள். இப்போது கூடத்தின் மூலையில், சுவிட்சுக்குக் கீழே முக்காலி போட்டு ஏறி நின்றிருந்தாள். விரல் சுவிட்சின் மேல் இருந்தது.

"ஏன் இருட்டுல நிக்கறே?"

"நீ இன்னும் சரியா நிக்கல."

"என்ன?"

"உன் நீலத்துல நில்லு."

அவன் கீழே பார்த்தான். தட்டின் ஓரத்தில், ஷூவைக் கழற்றும் இடத்தில், இரண்டு நீலப் பட்டைகள். ஒன்று குறுக்கே, ஒன்று நெடுக்கே. நெடுக்குப் பட்டைக்கு இருபுறமும் ஒவ்வொரு பாதத்துக்கு இடம். அவனுடைய பாத அளவு. மிதித்து மிதித்து ஓரமெல்லாம் நைந்து நார் நாராகியிருந்தது.

"இது யாரோடது?"

"உன்னோடதுதான்." அவனுக்கு எதுவுமே தெரியவில்லையே என்ற சலிப்பு குரலில் இருந்தது. "நீ வந்து அதுல நின்னாதான் சாயங்காலம். அப்பதான் அம்மா விளக்கு போடுவா. அப்புறம் அடுப்புக்குப் போவா. நீ லேட்டா வந்தா நாங்க இருட்டுல உக்காந்திருப்போம். ஜாலியா இருக்கும்."

சோபாவில் மாமியாரும் சின்னவளும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் இன்னொரு ஷூவையும் கழற்றினான். தட்டில் வைத்தான். ஒரு காலை நீலத்தின் ஒருபுறம் வைத்தான். மற்ற காலை மறுபுறம் வைத்தான். நிமிர்ந்தான்.

வாலு அவன் பாதங்களைக் கவனமாகப் பார்த்தாள்.

விளக்கைப் போட்டாள்.